ராத்திரிக்கு ஒரே குக்கர் சாப்பாடு: எதை முதல்ல போடணும், எதைக் கடைசில?

மேடவாக்கம்_ராத்திரி (திங்கள், இரவு 11:05)

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு சோழிங்கநல்லூர்ல வேலை. வீடு வந்து சேர ஒன்பதரை ஆயிடும். வீட்ல நானும் தங்கச்சியும் மட்டும்தான். அவ நர்சிங் படிக்கிறா, காலைல ஆறு மணிக்கெல்லாம் கிளம்பணும். வெளில வாங்கிச் சாப்பிட்டு ரெண்டு பேருக்கும் வயிறு கெட்டதுல இருந்து ராத்திரி சமையல் என் பொறுப்பு. குறிப்பு பார்த்துச் செய்யற அளவுக்கு எந்தச் சாமானும் முழுசா இருக்காது. ரெண்டு கத்திரிக்காய், அரை கேரட், கைப்பிடி பருப்பு, இப்படித்தான் இருக்கும். இருக்கறதை மூணு லிட்டர் குக்கர்ல போட்டு ஒரே சாப்பாடா இறக்கிடறேன்.

நேத்து ஒரு டம்ளர் பச்சரிசி, அரை டம்ளர் துவரம்பருப்பு, ரெண்டு உருளைக்கிழங்கு, ஒரு கேரட், எலுமிச்சை அளவு புளியைக் கரைச்சு, சாம்பார் பொடி, உப்பு, அஞ்சு டம்ளர் தண்ணி. எல்லாத்தையும் ஒண்ணா ஊத்தி ஆறு விசில் விட்டேன். திறந்தா அரிசி கூழாயிடுச்சு, ஆனா பருப்பு முழுசு முழுசா நிக்குது. வாயில போட்டா நடுவுல நறுக்குன்னு கடிபடுது. உருளைக்கிழங்கும் அப்படித்தான். தங்கச்சி ஒண்ணும் சொல்லல, தயிரை ஊத்திச் சாப்பிட்டுட்டுப் படுத்துட்டா. அதுதான் மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு.

ஒரே குக்கர்ல, ஒரே சூட்டுல, அரிசி குழையறப்ப பருப்பு மட்டும் ஏன் வேகல? பருப்பு பழசா? குறிப்பு இல்லாமச் செய்யறவங்க எதை மனசுல வெச்சுக்கிட்டுச் செய்யறீங்க?

அடுப்படி_அக்கா (திங்கள், இரவு 11:32)

பருப்பு மேல தப்பே இல்லம்மா. புளியை முதல்லயே ஊத்திட்டீங்க, அவ்வளவுதான் விஷயம். புளி பட்ட பருப்பு வேகாது. உருளைக்கிழங்கும் அப்படியே நின்னுடும். பருப்பு நல்லா மசிஞ்சப்புறம்தான் புளி.

ஒரே பாத்திரம்னா ஒரே நேரத்துல எல்லாத்தையும் கொட்டறதுன்னு நிறையப் பேர் நினைச்சுக்கறாங்க. பாத்திரம் ஒண்ணுதான், நேரம் ஒண்ணில்ல. எது முதல்ல, எது நடுவுல, எது இறக்கறப்பன்னு தெரிஞ்சுட்டா வீட்ல என்ன காய் இருந்தாலும் கவலை இல்ல. குறிப்பு தேவைப்படறது சாமானுக்காக இல்ல, இந்த வரிசைக்காகத்தான். வரிசை கைக்கு வந்துட்டா குறிப்பு வேண்டாம்.

நாளைக்கு விவரமா எழுதறேன்.

பெரம்பூர்_பாட்டி (செவ்வாய், காலை 5:48)

நான் நாற்பது வருஷமா புளியும் பருப்பும் ஒண்ணாத்தான் போடறேன் கண்ணு. பருப்பு வெண்ணெயா வெந்துடும். எங்க மாமியார் கத்துக்கொடுத்தது. புளியைத் தனியா ஊத்தினா பச்சை வாசனை போகாதுன்னு சொல்லுவாங்க. அடுப்படி அக்கா சொல்றதை நான் மறுக்கல, ஆனா என் வீட்ல அப்படி நடக்கறதில்ல.

வேதியியல்_வாத்தியார் (செவ்வாய், மாலை 4:20)

இரண்டு பேர் சொல்வதும் எனக்கு நியாயமாகப் பட்டது. அதனால் பள்ளி முடிந்து வந்ததும் சமையலறையிலேயே சோதித்துப் பார்த்தேன்.

இரண்டு சின்ன எவர்சில்வர் கிண்ணம். இரண்டிலும் ஒரே பொட்டலத்துத் துவரம்பருப்பு, மூன்று மூன்று மேசைக்கரண்டி. ஒன்றில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் அதே அளவு புளித்தண்ணீர். இரண்டையும் ஒரே குக்கருக்குள் பக்கம் பக்கமாக வைத்து ஐந்து விசில். ஆவி தானாக அடங்கியதும் திறந்தேன். வெறும் தண்ணீர்க் கிண்ணத்தில் பருப்பின் உருவமே இல்லை. விரலால் தொட்டதும் மாவாகப் பரவியது. புளிக் கிண்ணத்தில் ஒவ்வொரு பருப்பும் தனித்தனியாக, சற்றே பழுப்பேறி, ஓரம்கூடக் கலையாமல் இருந்தது. இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்தினால் இரண்டாகப் பிளந்ததே தவிர மசியவில்லை. என் மகள் இரண்டு கிண்ணத்தையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காரணம் இதுதான். பருப்பு, கிழங்கு, காய் எல்லாவற்றிலும் செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருப்பது பெக்டின் என்னும் பொருள். சூட்டில் அது கரைந்தால்தான் பருப்பு மசியும். புளிப்புச் சூழலில் பெக்டின் எளிதில் கரையாது. அரிசியோ பெரும்பாலும் மாவுச்சத்து. புளி அதை அந்த அளவுக்குத் தடுப்பதில்லை. அதனால்தான் உங்கள் குக்கரில் அரிசி கூழாகி, பருப்பும் உருளையும் கெட்டியாக நின்றன. தக்காளி, எலுமிச்சை, மாங்காய், தயிர் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். தக்காளியில் புளிப்பு குறைவு என்பதால் பாதிப்பும் குறைவு.

பாட்டியம்மா, உங்கள் பருப்பு எப்படி வேகிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன். ஊறவைத்துத்தான் போடுகிறீர்களா?

பெரம்பூர்_பாட்டி (செவ்வாய், இரவு 7:15)

ஆமாம் தம்பி. மதியச் சாப்பாடு முடிஞ்சதுமே ராத்திரிக்குப் பருப்பைக் களைஞ்சு ஊறப்போட்டுடுவேன். புளியும் நெல்லிக்காய் அளவுதான், பழைய புளி. முதல் விசில் வந்ததும் அடுப்பைக் குறைச்சு வெச்சுட்டு விளக்கேத்திட்டு வருவேன். இருபது நிமிஷம் ஆகும். விசிலை எண்ணினதே இல்ல.

நீங்க ரெண்டு கிண்ணம் வெச்சுப் பார்த்தது எனக்கு ரொம்பப் பிடிச்சுது. ஆபீஸ்ல இருந்து ஒன்பதரைக்கு வர்ற பொண்ணுக்கு என் முறை சரிப்படாது. அக்கா சொன்ன மாதிரியே செய் கண்ணு.

அடுப்படி_அக்கா (செவ்வாய், இரவு 9:10)

பாட்டிம்மா சொன்னதுல பெரிய விஷயம் இருக்கு. விசில் எண்ணிக்கை வீட்டுக்கு வீடு மாறும். பெரிய தீயில ஆறு விசில் ஆறே நிமிஷத்துல வந்துடும். சின்னத் தீயில மூணு விசிலுக்கே கால் மணி நேரம் ஆகும். நிமிஷத்தை எண்ணுங்க. முதல் விசிலுக்கு அப்புறம் தீயைக் குறைச்சு பச்சரிசியும் பாசிப்பருப்பும்னா எட்டு நிமிஷம், துவரம்பருப்புன்னா பன்னெண்டு நிமிஷம். ஆவி தானா அடங்கணும். அந்த அடங்கற நேரமும் சமையல்தான்.

சரி, வரிசைக்கு வர்றேன்.

எண்ணெய் காஞ்சதும் தாளிப்பு, வெங்காயம், இஞ்சி பூண்டு. பொடி எதுவா இருந்தாலும் இங்கதான், எண்ணெயில பத்து செகண்ட் புரட்டணும். தண்ணில போட்ட பொடி பச்சை வாசனையோடயே இருக்கும். அப்புறம் பருப்பு, அரிசி, கெட்டிக் காய்: கேரட், பீன்ஸ், முருங்கைக்காய், உருளை. பெரிய துண்டா நறுக்குங்க, கட்டை விரல் அளவு. சின்னதா நறுக்கினா கரைஞ்சுடும். தண்ணி ஊத்தினதும் கரண்டியால அடியை ஒரு தடவை வழிச்சு விட்டுட்டு மூடுங்க. வெங்காயம் அடில ஒட்டியிருந்தாலும் அடிப்பிடிக்கும், தீ அதிகமானதால மட்டும் இல்ல.

மூடி திறந்தப்புறம் புளி. அதோட கத்திரிக்காய், பூசணி, பீர்க்கங்காய் மாதிரி மெல்லிசுக் காய். மூடாம ஏழெட்டு நிமிஷம் கொதிக்கட்டும், பச்சை வாசனை போயிடும். வெண்டைக்காய்னா தனியா வதக்கி இப்பச் சேருங்க, இல்லன்னா வழவழன்னு ஆயிடும். தேங்காய்ப்பால், கீரை, கொத்தமல்லி எல்லாம் கடைசி ரெண்டு நிமிஷம். எலுமிச்சைச் சாறு அடுப்பை அணைச்சதுக்கு அப்புறம்.

கொங்குச்சோறு (செவ்வாய், இரவு 9:54)

ஏனுங்க, எங்க ஊரு அரிசிம்பருப்புச் சோறைப் பத்தி யாரும் சொல்லலைங்களே! நான் கோயமுத்தூர்ங்க, இப்ப பத்து வருசமா அம்பத்தூர்ல இருக்கறன். புளியே வேண்டாமுங்க. ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் துவரம்பருப்பு, ரெண்டையும் அரை மணி நேரம் ஊறவெச்சுட்டு, சின்ன வெங்காயம் பத்து, பூண்டு எட்டுப் பல், வரமிளகாய், சீரகம், மிளகு, ஒரே ஒரு தக்காளி. மூணு டம்ளர் தண்ணி. அவ்வளவுதானுங்க. தட்டுல போட்டு மேல ஒரு கரண்டி தேங்காயெண்ணெய் ஊத்தி, அப்பளம் வெச்சுச் சாப்பிடோணும்.

காயே இல்லாத நாளுக்கு இதை விட்டா வேற இல்லீங்க. எங்கம்மா காட்டுல இருந்து வந்து கால் கழுவிட்டு நேரா அடுப்புல வெக்கறது இதைத்தான்.

நெல்லைச்சீமை (செவ்வாய், இரவு 10:21)

எங்க கூட்டாஞ்சோறு இந்த வரிசைக்கு ரொம்பப் பொருத்தமான உதாரணம். அக்கா சொன்னதைத்தான் எங்க ஆச்சி காலங்காலமாச் செஞ்சுட்டு வந்தாங்க. முதல்ல பருப்பு பாதி வேகணும். அப்புறம் அரிசியும் காயும்: முருங்கைக்காய், வாழைக்காய், கத்திரிக்காய், கொத்தவரங்காய், என்ன இருக்கோ அது. அரிசி முக்கால் பதம் வந்தப்புறம்தான் புளித்தண்ணி. அதுக்கப்புறம் தேங்காய், சீரகம், மிளகாய் வத்தல், சின்ன உள்ளி அரைச்ச மசாலா. முருங்கைக்கீரை அதுக்கும் அப்புறம். கடைசில வடகம் தாளிச்சுக் கொட்டினா தெருவுக்கே மணக்கும். பெக்டின்னு பேரு தெரியாட்டாலும் புளிக்கு எது இடம்னு ஆச்சிக்குத் தெரிஞ்சிருக்கு.

ஒண்ணு மட்டும் சொல்லணும். கூட்டாஞ்சோற்றை நான் குக்கர்ல செய்யறதில்ல. அடிகனமான திறந்த பாத்திரம்தான். நடுநடுவுல பார்த்து, கிளறி, ருசி பார்த்துச் செய்யற சாப்பாடு அது. குக்கர் மூடினா நம்ம கை வெளில நின்னுடுது. முடிஞ்ச வரைக்கும் லீவு நாள்ல திறந்த பாத்திரத்துல பழகுங்க. வேகறது எப்படி இருக்கும்னு கண்ணுக்குத் தெரிஞ்சாத்தான் அப்புறம் குக்கருக்குள்ள நடக்கறது மனசுல தெரியும்.

மேடவாக்கம்_ராத்திரி (செவ்வாய், இரவு 11:40)

இவ்வளவு பேர் நேரம் ஒதுக்கி எழுதுவீங்கன்னு நினைக்கல. ரொம்ப நன்றி. ரெண்டு கிண்ணத்துக் கதையைத் தங்கச்சிக்கு வாசிச்சுக் காட்டினேன்.

இன்னொரு சந்தேகம். புளி இல்லாமச் செஞ்ச நாள்லயும் எங்க வீட்ல கொண்டைக்கடலை, துவரம்பருப்பு ரெண்டும் லேசுல வேகறதில்ல. ஊர்ல அம்மா வீட்ல நாலு விசில்ல வேகற அதே பருப்புதான். இங்க போர் தண்ணி. அதுவும் காரணமா இருக்குமா?

வேதியியல்_வாத்தியார் (புதன், காலை 6:30)

அதுதான் காரணமாக இருக்கும். தண்ணீர் கொதிக்கவைக்கிற பாத்திரத்தின் உள்பக்கம் வெள்ளையாகப் படிகிறதா என்று பாருங்கள். படிந்தால் கடினத் தண்ணீர். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் பெக்டினை இன்னும் இறுக்கிவிடும். பருப்புக்கு மட்டும் ஆர்.ஓ. தண்ணீரோ கேன் தண்ணீரோ ஊற்றுங்கள். கொண்டைக்கடலையை ஊறவைக்கும்போது தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்புப் போட்டால் சீக்கிரம் மெத்தென்று வேகும். உப்பு போட்டால் கடலை வேகாது என்று பலர் சொல்வது ஊறவைக்கும் விஷயத்தில் சரியல்ல.

சமையல் சோடா போடச் சொல்பவர்கள் இருப்பார்கள். வேகும் என்பது உண்மை. ஆனால் பி1 வைட்டமின் அழியும், கூடிப்போனால் சோப்பு போன்ற ருசியும் வரும். தண்ணீரை மாற்ற முடிகிறபோது அது தேவையில்லை.

மேன்ஷன்_அறை (புதன், மதியம் 1:15)

திருவல்லிக்கேணி மேன்ஷன்ல இருக்கேன். அடுப்புக்கு அனுமதி இல்ல. ஒண்ணரை லிட்டர் எலக்ட்ரிக் ரைஸ் குக்கர் மட்டும்தான். அதுல துவரம்பருப்பு சரியா வேகறதில்லைன்னு விட்டுட்டேன். பாசிப்பருப்பையும் மைசூர்ப் பருப்பையும் மட்டும் வெச்சுக்கிட்டேன். ரெண்டுமே அழுத்தம் இல்லாமலே வேகும். பாசிப்பருப்பை மொத்தமா வாங்கினதுமே வறுத்து டப்பால போட்டுடுவேன். அரை டம்ளர் அரிசி, கால் டம்ளர் பருப்பு, இஞ்சி, மிளகு, சீரகம், மூணரை டம்ளர் தண்ணி. பொங்கல் மாதிரியும் இருக்கும், கிச்சடி மாதிரியும் இருக்கும். காய் இருந்தா காய். மேல நெய்.

ரம்ஜான் மாசத்துல பக்கத்துப் பள்ளிவாசல்ல நோன்புக்கஞ்சி தருவாங்க. அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி பூண்டு, தேங்காய்ப்பால், எல்லாம் ஒரே அண்டாவுல. அதைக் குடிச்சப்புறம்தான் என் ரைஸ் குக்கர்ல வெந்தயம் போட ஆரம்பிச்சேன். கால் ஸ்பூன் போதும், வாசனையே மாறிடும்.

வேதியியல்_வாத்தியார் (புதன், மதியம் 2:02)

தம்பி, ரைஸ் குக்கரில் ராஜ்மா மட்டும் போட்டுவிடாதீர்கள். சரியாக வேகாத ராஜ்மாவில் இருக்கும் ஒரு நச்சுப்பொருள் கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் கொண்டுவரும். இரவெல்லாம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, பிரஷர் குக்கரில் நன்றாக மசியும்வரை வேகவைக்க வேண்டியது அது. பிரஷர் குக்கருக்குள் சூடு 120 டிகிரி வரை போகும். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது.

அடுப்படி_அக்கா (புதன், மாலை 6:40)

வரிசைக்கு அடுத்தது தண்ணிக் கணக்கு. எல்லாரும் தடுமாறற இடம் இது.

குக்கர்ல ஆவி அவ்வளவா வெளில போகாது. அதனால அரிசி எவ்வளவு குடிக்குதோ அதை ஒட்டித்தான் தண்ணி. உதிரியா வேணும்னா ஊறவெச்ச பாசுமதிக்கு ஒண்ணரை, பச்சரிசிக்கு ரெண்டு, புழுங்கலுக்கு மூணு. குழைவா சாம்பார் சாதம் மாதிரி வேணும்னா அரிசியும் பருப்பும் சேர்ந்த அளவுக்கு நாலு மடங்கு. ரேஷன் புழுங்கல்னா இன்னும் அரை டம்ளர் கூட ஊத்தி, ஒரு மணி நேரம் ஊறவைங்க. அந்த அரிசியை வீணா யாரும் குறை சொல்ல வேண்டாம். ஊறினா சாம்பார் சாதத்துக்கு அதைவிட நல்ல அரிசி கிடையாது.

காயும் தண்ணிதான். நாலு தக்காளி மசிஞ்சா அரை டம்ளர் தண்ணி. சுரைக்காய், பூசணி, சௌசௌ போட்டா கால் டம்ளர் குறைச்சுக்கணும். மீல்மேக்கர் நேர்மாறு, அது தண்ணியை உறிஞ்சிடும். வெந்நீர்ல ஊறவெச்சுப் பிழிஞ்சுதான் போடணும். தேங்காய்ப்பால்ல பிரிஞ்சி செய்யறப்ப அந்தப் பாலும் தண்ணிக் கணக்குலதான் வரும். பச்சரிசிக்கு ஒரு பங்கு ரெண்டாம் பால், ஒரு பங்கு தண்ணி. கெட்டிப்பால் மட்டும் ஊத்தினா அடில பிடிச்சுடும்.

திறந்த பாத்திரத்துல இந்தக் கணக்கு ஓடாது. ஆவி எவ்வளவு போகுங்கறது பாத்திரத்தோட வாயையும் நேரத்தையும் பொறுத்தது. அரிசியை ரெண்டு மடங்காக்கினா தண்ணியை ரெண்டு மடங்காக்கக் கூடாது, கொஞ்சம் குறைக்கணும்.

தப்பாப் போனா? தண்ணி கூடிப்போச்சுன்னா மூடியைத் திறந்து சின்னத் தீயில வையுங்க, கிளறாதீங்க. நறுக்குன்னு இருந்தா அரை டம்ளர் கொதிக்கற தண்ணி தெளிச்சு மூடி அஞ்சு நிமிஷம். பச்சைத் தண்ணி தெளிச்சா அரிசி வெளில குழைஞ்சு உள்ள விறைச்சுடும். அடிப்பிடிச்ச வாசனை வந்ததும் கரண்டியே போடக் கூடாது. மேல இருக்கறதை அப்படியே வேற பாத்திரத்துக்கு மாத்திடுங்க.

குக்கரை முக்கால்வாசிக்கு மேல நிரப்பாதீங்க. இல்ல, பருப்பு போட்டா பாதிதான். நுரை மேல ஏறி வெயிட் ஓட்டையை அடைச்சுடும். கறிவேப்பிலையும் கீரையும் அடைக்கும்.

காசிமேடு_வீச்சு (புதன், இரவு 8:30)

அக்கா, முக்கால்கூட அதிகம். அரிசிக்கும் மூணுல ரெண்டு பங்குதான், குக்கரோட வர்ற புஸ்தகத்துலயே போட்டிருக்கும். எங்க வீட்ல ஒரு தடவை பருப்பு ஏறி அடைச்சு சேஃப்டி வால்வு போச்சு. கூரை வரைக்கும் பருப்பு. யாருக்கும் ஒண்ணும் ஆகல, ஆனா அன்னிலேர்ந்து மூடறதுக்கு முன்னாடி வெயிட் ஓட்டை வழியா வெளிச்சம் தெரியுதான்னு பார்த்துட்டுத்தான் மூடுவோம்.

கறி, மீன் பத்தி யாரும் சொல்லலையே, நான் சொல்றேன். மட்டனை அரிசியோட சேர்த்துப் போடக் கூடாது. மட்டன் மட்டும் முதல்ல இஞ்சி பூண்டு, மஞ்சள், உப்போட வேகணும். அப்புறம் அந்தச் சாறை டம்ளர்ல அளந்து, குறையற அளவுக்கு மட்டும் தண்ணி சேர்த்து அரிசி போடணும். கோழின்னா அரிசியோடவே வெந்துடும், எலும்போட போடுங்க. எறா கடைசி. அரிசி வெந்து மூடி திறந்ததும் வதக்கின எறாவை மேல பரப்பி அஞ்சு நிமிஷம் மூடி வெச்சா அந்தச் சூட்டுலயே வெந்துடும். அதுக்கு மேல போனா ரப்பர்.

அடுப்படி_அக்கா (புதன், இரவு 8:41)

நீங்க சொல்றதுதான் சரி தம்பி. மூணுல ரெண்டு பங்குன்னே எல்லாரும் வெச்சுக்கோங்க, பருப்பு போட்டா பாதிதான். நான் அவசரத்துல தப்பா எழுதிட்டேன்.

வேளச்சேரி_மாடிவீடு (புதன், இரவு 9:25)

இதைப் படிச்சதும் 2023 டிசம்பர் ஞாபகம் வந்துடுச்சு. மிக்ஜாம் புயல். எங்க தெருவுல இடுப்பளவு தண்ணி, நாலு நாள் கரண்ட் இல்ல. கீழ் வீட்டுக்காரங்க அஞ்சு பேரும் மேல எங்களோட வந்துட்டாங்க. மொத்தம் ஒன்பது பேர். சிலிண்டர் இருந்துச்சு, அரிசி இருந்துச்சு. குடிக்கற தண்ணிதான் ஒண்ணேகால் கேன்.

அப்பத்தான் ஒரே பாத்திரச் சமையலோட அருமை தெரிஞ்சுது. சோறு வடிச்சா கஞ்சித்தண்ணி போயிடும், ரெண்டு பாத்திரம் கழுவணும். குக்கர்ல ஒண்ணா வெச்சா ஊத்தின தண்ணி முழுசும் வயித்துக்குள்ள போகுது. அரிசி களைஞ்ச தண்ணியைப் பாத்திரம் கழுவ வெச்சுக்கிட்டோம். முதல் நாள் தக்காளி சாதம். ரெண்டாம் நாள் ஃபிரிட்ஜ்ல வாடிட்டிருந்த எல்லாக் காயும். மூணாம் நாள் காய் தீர்ந்துபோச்சு. கீழ் வீட்டு அம்மா முழங்கால் தண்ணில இறங்கி அவங்க வீட்டு மேல் அலமாரில இருந்து ஒரு பொட்டலம் கருவாடும் ஒரு பாட்டில் மாங்காய் ஊறுகாயும் எடுத்துட்டு வந்தாங்க. நாங்க சைவம். அவங்களுக்குக் கருவாட்டை எங்க இன்னொரு அடுப்புல நானே வறுத்துக் கொடுத்தேன். எங்களுக்கு ஊறுகாய் எண்ணெயைக் குக்கர்ல ஊத்தி அதுலயே வெந்தயமும் மிளகாயும் பொரிச்சு அரிசியும் பாசிப்பருப்பும் போட்டேன். ஊறுகாய்த் துண்டு கடைசில.

அந்தச் சோத்தை இப்பவும் வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை செய்யறேன். வீட்ல அதுக்குப் பேர் வெள்ளச்சோறு.

அப்பாவுக்காக (வியாழன், காலை 7:05)

அப்பாவுக்குச் சர்க்கரை. டாக்டர் அரிசியைக் குறைக்கச் சொன்னதால ராத்திரிக்குச் சாமையோ வரகோ வைக்கிறேன். ஒரு டம்ளருக்கு இரண்டரை டம்ளர் தண்ணி, குழைவா வேணும்னா மூணு. சிறுதானியம்னு அளவில்லாம சாப்பிடக் கூடாது, அதுவும் மாவுச்சத்துதான்னு அவங்க தெளிவாச் சொன்னாங்க. அதனால தட்டுல பாதி காய் இருக்கற மாதிரி, தானியம் அரை டம்ளர், பாசிப்பருப்பு கால் டம்ளர், காய் ரெண்டு டம்ளர்னு மாத்திக்கிட்டேன். கோயம்பேட்டுக்கு வாரம் ஒரு தடவை போய் அவரைக்காய், பீன்ஸ், முட்டைக்கோஸ் வாங்கி வெச்சுடறேன். அப்பா முதல் வாரம் சாப்பிடவே இல்ல. மிளகு, சீரகம், கறிவேப்பிலையை நெய்ல பொரிச்சு மேல கொட்டினதுக்கு அப்புறம்தான் ரெண்டாவது தடவை கேட்டார்.

மேடவாக்கம்_ராத்திரி (வெள்ளி, இரவு 10:48)

செஞ்சு பார்த்துட்டு எழுதலாம்னுதான் ரெண்டு நாளா வரல.

காலைல கிளம்பறப்பவே அரை டம்ளர் துவரம்பருப்பைக் கேன் தண்ணில ஊறப்போட்டு ஃபிரிட்ஜ்ல வெச்சுட்டேன். வெளில வெச்சா இந்த வெயிலுக்குப் புளிச்சுடும்னு பயம். ராத்திரி வந்து கை கால் கழுவினதும் எண்ணெய், கடுகு, பெருங்காயம், வெங்காயம், பொடி. பொடியை எண்ணெயில புரட்டினப்ப வந்த வாசனையே வேற. இத்தனை நாள் தண்ணிலதான் போட்டிருக்கேன். பருப்பு, அரிசி, கேரட், உருளை. தண்ணி கணக்குப்படி ஆறு. முதல் விசிலுக்கு அப்புறம் பன்னெண்டு நிமிஷம். காத்திருந்த நேரத்துல புளியைக் கரைச்சு, கத்திரிக்காயை நறுக்கித் தண்ணில போட்டேன்.

மூடியைத் திறந்து கரண்டியோட பின்பக்கத்தால ஒரு தடவை அழுத்தினேன். பருப்பு இருந்த இடமே தெரியல. அப்புறம் புளி, கத்திரிக்காய், மூடாம எட்டு நிமிஷம். கத்திரிக்காய் உருவத்தோட இருந்துச்சு, வாயில போட்டா வெண்ணெய். தங்கச்சி குளிச்சுட்டு வந்தவ அடுப்புப் பக்கத்துலயே நின்னு, தட்டுகூட எடுக்காம, கரண்டில இருந்தே ஊதி ஊதிச் சாப்பிட்டா. நாளைக்கு டப்பாவுக்கும் எடுத்து வைன்னு சொல்லிட்டுத்தான் போனா.

பாட்டிம்மா, மீதி ஒரு கிண்ணம் இருக்கு. காலைல ஆறு மணிக்கு அவ எடுத்துட்டுப் போகணும். அப்படியே வெளில மூடி வைக்கலாமா?

பெரம்பூர்_பாட்டி (வெள்ளி, இரவு 11:02)

வேண்டாம் கண்ணு, பருப்பு சேர்ந்தது இந்தப் புழுக்கத்துக்கு ராத்திரியே ஊசிப்போயிடும். அகலத் தட்டுல பரப்பி ஆறவெச்சு உடனே ஃபிரிட்ஜ்ல வை. காலைல கால் டம்ளர் வெந்நீர் விட்டு, கொதி வர்ற அளவுக்கு நல்லா சுட வெச்சு, நெய் விட்டு டப்பால போட்டுக் கொடு.

மேடவாக்கம்_ராத்திரி (வெள்ளி, இரவு 11:09)

பரப்பிட்டேன் பாட்டிம்மா. பக்கத்து வீட்ல முருங்கைக்கீரை ஒரு கட்டு கொடுத்திருக்காங்க, அதை இன்னிக்கே ஆய்ஞ்சு வெச்சுடறேன். நாளைக்கு அரிசிம்பருப்புதான் செய்யப்போறேன். அதுல கீரையை எப்பப் போடறது?

கொங்குச்சோறு (வெள்ளி, இரவு 11:15)

ஆவி அடங்கி மூடி திறந்ததும் போடுங்க. கிளறிட்டு ரெண்டு நிமிசம் சின்னத் தீ. தேங்காயெண்ணெய் மறந்துடாதீங்க.